பூதிக்காட்டின் கொதிநிலை

காலை எட்டு மணிக்குப் பூதிக்காட்டின் கொதிநிலை முப்பத்தொன்று. கடைவீதி முனையில் நின்ற கம்பத்தில் அந்த எண் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சந்தைத் திடலுக்குள் மக்னா என்னும் தந்தமில்லாத ஆண்யானை நின்றிருந்ததை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்தின் பின்னால் இருந்த கணிப்பொறிக்கு மனிதர்களைப் பற்றி மட்டுமே கவலை.

அதற்கு முன்னறிவான் என்று பெயர். ஊரில் யார் என்ன வாங்குகிறார்கள், கடையிலும் தொலைபேசியிலும் எதை விசாரிக்கிறார்கள், காற்றில் என்ன நெடி என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து, கலவரம் வருமுன்பே மோப்பம் பிடித்துவிடும். கொதிநிலை ஐம்பதைத் தொட்டால் ஆபத்தான சரக்கு விற்கும் கடைகளின் ஷட்டர்கள் தாமாக இறங்கும். அறுபதில் ஊரின் இரண்டு சாலைகளிலும் இரும்புக் கதவுகள் எழும்பும். எண்பதில் எல்லாக் கட்டடங்களின் வாசல்களும் பூட்டிக்கொள்ளும். திறக்கும் சாவி கலெக்டரிடம்கூடக் கிடையாது. சாவி இருந்தால் சிபாரிசும் இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்கள். பதினொரு ஆண்டுகளாக மாநிலத்தில் ஒரு கல் எறியப்படவில்லை. அதனால் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

வனத்துறைக் கால்நடை மருத்துவர் தாட்சாயணி ஜீப்பின் பின்னால் நின்று தோட்டாப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆறு காலிக் கூடுகள் இருந்தன. மயக்க ஊசித் துப்பாக்கிக்குக் குண்டு தேவையில்லை. ஊசியை உந்தித் தள்ள, கொஞ்சம் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் அடைத்த வெற்றுத்தோட்டா போதும். ஆனால் முன்னறிவானுக்குத் தோட்டா என்றால் தோட்டாதான். கொதிநிலை இருபதுக்கு மேல் இருந்த ஊர்களுக்கெல்லாம் ஐந்து மாதமாகச் சரக்கை நிறுத்தி வைத்திருந்தது.

செவிப்பொறியில் வனக்காவலர் ஜடையனின் குரல் கேட்டது. யானையை விரட்டப் போனவர் எடைமேடையின் தகர அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, மக்னா கதவுக்கு நேராத்தான் நிக்குது. தும்பிக்கையால தகரத்தைத் தடவிப் பாக்குது."

"அசையாம இருங்கண்ணா. அதுவா கிளம்புற மாதிரி தெரியுதா?"

"முட்டைக்கோசு லாரியைக் காலி பண்ணிருச்சு. வயிறு நெறஞ்சா காட்டு ரோட்டுப் பக்கம் போயிரும்னுதான் நினைக்கிறனுங்க."

போகாவிட்டால்? அந்தத் தகரம் ஓர் உதைக்குத் தாங்காது. தாட்சாயணி கோவைக் கிடங்கை அழைத்தாள். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். "உங்க ஊர் கொதிநிலை இருபதுக்குக் கீழ வரட்டும் மேடம், உடனே அனுப்பிடறோம்."

அவள் போனை வைத்தபோது கம்பத்தில் முப்பத்தெட்டு என்றிருந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடுத்து ரைபிள் கிளப் செயலாளர் சிவசாமியை அழைத்தாள்.

"சார், காலிக் கூடுல திரும்ப அடைக்கக் கேப்பும் மருந்தும் கொஞ்சம் இருக்குமா? ஆளு மாட்டியிருக்காரு சார்."

"என்னங்க டாக்டர், போன்ல போயி இதைக் கேக்கறீங்க? நான் உங்ககிட்டப் பேசவே இல்லீங்க." இணைப்பு அறுந்தது.

நாற்பத்தேழு.

கோயில் விழாக்களுக்கு அதிர்வேட்டு போடும் குப்பண்ணனின் வீட்டுக்கு அவள் நேரிலேயே போனாள். அவள் கேப்பும் மருந்தும் கேட்டு முடிக்குமுன் எண் ஐம்பதைத் தொட்டு, வீட்டோடு இருந்த பட்டறையின் ஷட்டர் அவள் கண்ணெதிரே இறங்கியது. குப்பண்ணன் குனிந்து, கடைசி ஒரு சாண் இடைவெளியில் ஒரு காகிதப் பொட்டலத்தை வெளியே தள்ளினார். "மருந்து இருக்குது. கேப்பு எங்கிட்ட இல்ல, பாய் கடைக்குப் போங்க!" அவர் சத்தம் ஷட்டருக்குள் போய் அடங்கியது.

அவள் கடைவீதியில் ஓடும்போது ஊரின் இரு முனைகளிலிருந்தும் சங்கு ஊதியது. அறுபத்திரண்டு. சாலைக் கதவுகள் எழும்பிக்கொண்டிருந்தன.

"அம்மா!" ஜடையன் அலறினார். "மக்னா கிளம்பிப் பாதி தூரம் போயிருச்சு. ரோட்டுல இரும்பு எந்திரிச்சதும் மெரண்டு திரும்பி வருது. இங்கியேதான் வருது!"

யானை போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. தோட்டா கேட்டுக் கேட்டு எண்ணை ஏற்றி அதன் வழியை அடைத்தது அவள்.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஹனீபாவின் கடை ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. பக்கத்துச் சந்து வாசலைத் தட்டினாள். எழுபது வயது ஹனீபா கதவைத் திறந்து, அவள் கையிலிருந்த காலிக் கூடுகளையும் பொட்டலத்தையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. உள்ளே அழைத்து, மேசையடியிலிருந்து ஒரு பழைய மாத்திரை டப்பாவை எடுத்தார். அதில் மூன்று கேப்புகள் இருந்தன. இரண்டு பச்சைக் களிம்பு ஏறிப் போயிருந்தன.

"ஒண்ணுதான் தேறும் டாக்டரம்மா. ஒரே ஒரு ஊசி. தப்புனா தப்புனதுதான்."

"ஒண்ணு போதும் பாய்."

அவர் கூட்டைத் துடைத்து, கேப்பைப் பொருத்தி, பொட்டலத்தைப் பிரித்தார். கந்தக நெடி அறையில் பரவியது. வேலை முடிந்து தோட்டாவை அவள் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சூடாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

அதே நொடியில் சந்துக் கதவு க்ளக் என்றது.

தாட்சாயணி பிடியைத் திருகினாள். தோளால் இடித்தாள். கதவு நகரவில்லை. சுவர்த்திரையில் சிவப்பு எண் எண்பத்தொன்று.

"நெடி பிடிச்சிருச்சு" என்றார் ஹனீபா, மெதுவாக. "வாயைத் திறந்தாலும் ஏறுது, மூச்சு விட்டாலும் ஏறுது."

"எப்ப இறங்கும்?"

"யாரும் எதுவும் கேக்காம இருந்தா ரெண்டு நாள்ல தானா இறங்கும்."

செவிப்பொறியில் தகரம் கிழியும் சத்தம் வந்தது. பிறகு ஜடையனின் மூச்சு. "ஒரு பக்கச் சுவரு போயிருச்சுங்க. எடைக்கல்லுக்குப் பின்னால உக்காந்திருக்கேன். காலு மாட்டிக்கிச்சு. நீங்க வந்துட்டிருக்கீங்கள்ல?"

"வந்துட்டேண்ணா" என்று பொய் சொன்னாள். கையில் தோட்டா, தோளில் துப்பாக்கி, எதிரே பூட்டிய கதவு. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடியில் ஹனீபாவின் மருமகள் ரஹீமா யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கீழே நடப்பது அவளுக்குத் தெரியாது. "அக்கா, கதவு தொறந்ததும் புதினா ரெண்டு கட்டு குடுத்து அனுப்புங்க. மல்லித்தழையும்."

தாட்சாயணி தற்செயலாகத்தான் திரையைப் பார்த்தாள். எண்பது.

"பாய்! புதினா கேட்டதும் ஒண்ணு குறைஞ்சிருச்சு!"

ஹனீபா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார். "ம்மா ரஹீமா! போனை வெக்காத! இன்னும் ஏதாச்சும் கேளு. மல்லிப்பூ கேளு. ஜாக்கெட் தைக்கக் கேளு!"

"என்ன மாமா ஆச்சு உங்களுக்கு?"

"கேளும்மா! தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக் கேக்கச் சொல்லு!"

அடுத்த இருபது நிமிடம் பூட்டிய வீடுகளுக்குள்ளிருந்து பூதிக்காடே பேசியது. மல்லிகை முழம் என்ன, கல்யாண மண்டபம் காலியா, குழந்தைக்குக் காது குத்த எந்த நாள் நல்லது, இட்லி மாவு புளித்துவிட்டதே என்ன செய்யலாம். சிவசாமிகூட எருமைத்தயிர் கிடைக்குமா என்று மூன்று பேரிடம் விசாரித்ததாகப் பின்னால் தெரிந்தது. எழுபத்தொன்பதில் சந்துக் கதவு திறந்தது. தாட்சாயணி சந்தைக்கு ஓடினாள். அவள் திடலை எட்டியபோது கம்பத்தில் ஐம்பத்தெட்டு. சாலையின் இரும்புக் கதவு முனகிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கியது.

மக்னா அந்தச் சத்தத்துக்குக் காதை விரித்தது. திறந்த சாலையை வெகுநேரம் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், காட்டைப் பார்த்து நடந்தது. தாட்சாயணி துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. அது வளைவில் மறைந்த பிறகுதான் அவள் தோட்டாவை வெளியே எடுத்தாள்.

ஜடையனின் இடது கால் முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் கேட்டார்: "சுடவே இல்லியாம்மா?"

"புதினா கேட்டோம்ணா" என்றாள். அவர் மயக்கத்தில் தனக்குக் காது தப்பாகக் கேட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் ஊர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. பதினோராம் நாள் முகூர்த்தம். விடிந்ததும் பூக்கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. மண்டபத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு போக, சாலைக் கதவுகள் எழும்பின. மாப்பிள்ளை வீட்டார் பேருந்தோடு வெளியே நின்றார்கள்.

முன்னறிவான் பாடம் கற்கும் பொறி. துப்பாக்கி, மருந்து என்று ஊர் பரபரத்த அன்று ரத்தக்களரி எதுவும் நிகழவில்லை என்பதை அது குறித்துக்கொண்டிருந்தது. அந்த நாளின் உச்சத்தில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மல்லிகையும் மண்டபமும் கேட்டதையும் குறித்துக்கொண்டது. அத்தனை பேர் ஒத்துப் பேசினால் அதற்குப் பெயர் சதி.

அன்று மதியம் கல்யாணப் பெண்ணின் தகப்பன் தாட்சாயணியின் மருத்துவமனைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுல மல்லிக்கொடி இருக்குதுன்னு சொன்னாங்க. நாலு முழத்துக்குத் தேறுமாங்க?"

திரையில் எண் எழுபத்தாறிலிருந்து எழுபத்தெட்டுக்குத் தாவியது. அவள் வேறு எதையாவது பேச வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "தோட்டா... தோட்டா வேணும்னா கேளுங்க."

எழுபத்து மூன்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோட்டா குடுங்கம்மா" என்றார் அவர். "நெறையக் குடுங்க. கேப்பு, மருந்து எல்லாம் வேணும்."

அறுபத்தாறு.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்கே பரவிவிட்டது. தாலி கட்டியாக வேண்டும், பால் வண்டி வந்தாக வேண்டும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியாக வேண்டும். எல்லாரும் தோட்டா கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அனுப்புவதுதானே கிடங்கின் வேலை? எண் இருபதுக்குக் கீழே வந்ததும் கோவையிலிருந்து பெட்டிகள் புறப்பட்டன. வெற்றுத்தோட்டா மட்டும் வரவில்லை. துப்பாக்கிகளும் வந்தன.

ஒரு வாரம் கழித்து, தோட்டா அடைத்து வாங்க ஹனீபா கடைமுன் நீண்ட வரிசை நின்றது. பொழுதெல்லாம் வெயிலில் நின்றவர்களில் இருவருக்குள் யார் முன்னால் வந்தது என்று பேச்சு முற்றியது. ஒருவன் மற்றவனின் சட்டையைப் பிடித்தான். இருவர் தோளிலும் புதுத் துப்பாக்கி தொங்கியது. கம்பத்தில் ஒன்பது என்ற எண் குளுகுளுவென்று பச்சையாக ஒளிர்ந்தது.

ஹனீபா எழுந்து, ரஹீமாவை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே கதவை உள்பக்கம் தாழிட்டார்.