கைப்பிடி இல்லாத கதவு

ஃபோன் அலறியது.

காருக்குள் அடைபட்டிருந்த வெல்டர் எடுத்தான்.

"என்ன மாப்ளே... உள்ள சௌகரியமா?"

மனைவியின் அண்ணன். இந்தப் பழைய இரும்பு யார்டின் முதலாளி.

"கதவைத் திற மச்சான். விளையாடாதே."

"நீயே திறந்துக்கோயேன். ஓ... கைப்பிடி இல்லல்ல?"

இல்லைதான். பத்து வருடம் முன்பு உள்ளேயும் வெளியேயும் கைப்பிடிகளை அறுத்தெடுத்து, ஓட்டையை அடைத்து, வழவழவென்று தேய்த்தவன் இவனேதான். ரிமோட்டை அழுத்தினால் மட்டுமே திறக்கும். கண்ணாடிக்குப் பதில் உடையாத பிளாஸ்டிக், அதன் மேல் கறுப்பு ஃபிலிம்.

அப்போது அதுதான் ஸ்டைல். இருவரும் நடத்திய ஷெட்டின் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன.

பிறகு, வண்டியை இப்படி மாற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. அபராதம்... பறிமுதல்... ஷெட்டுக்குப் பூட்டு.

அதே கார்கள் இப்போது இங்கே வரிசையில். நசுங்குவதற்காக.

'நாம செஞ்ச முதல் கார் வந்திருக்கு, கடைசியா ஒரு தடவை உக்காந்து பாரு' என்று மச்சான் கூப்பிட்டதும் நம்பி ஏறினான். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"நாளைக்குக் கோர்ட்ல என்ன சொல்லப் போறே மாப்ளே?"

"திருட்டுக் காருக்கெல்லாம் நம்பர் மாத்தினது நீதான்னு."

"அதான். நாளைக்கு நீ இரும்புக் கட்டியா கப்பல் ஏறியிருப்பே."

"உன் தங்கச்சி கேட்டா?"

"நீ ஓடிப்போயிட்டேன்னு சொல்லுவேன். உடனே நம்புவா. உன்னைப் பத்தி அவளுக்கு அப்படியொண்ணும் பெரிய அபிப்பிராயம் கிடையாது."

தலைக்கு மேல் கிரேன் உறுமியது.

உயரத்தில் ஆபரேட்டர். இரண்டு காதிலும் இயர்ஃபோன். கத்திப் பயனில்லை; கறுப்பு ஃபிலிமுக்குள் ஆள் இருப்பதும் தெரியாது.

வெல்டர் தோளால் கதவை இடித்தான். அசையவில்லை. அவன் வேலையில் என்றைக்குமே குறை இருந்ததில்லை.

இரும்புக் கை வானத்தை மறைத்தது...

"மச்சான், நீ எங்கேயிருந்து பேசறே?"

"பக்கத்துலதான். என் கார்ல. ஏசி போட்டு வேடிக்கை பார்க்கறேன்."

வெல்டர் திரும்பிப் பார்த்தான். அதே கறுப்பு. அதே மொழுக்கென்ற கதவுகள். யார்டில் கறுப்பு இவை இரண்டுதான், ஜோடியாகச் செய்த கார்கள்.

"ஆபரேட்டர்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?"

"கைப்பிடி இல்லாத கறுப்புக் காரைத் தூக்குன்னு."

"எந்தக் கார்னு சொன்னியா?"

மறுமுனையில் ஹாரன் அலறியது.

இரும்புக் கை இறங்கியது. மச்சானின் கார் மேல்!

கூரை நெளிந்தது. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

"டேய்... நிறுத்தச் சொல்லுடா..."

"ரிமோட்டை அழுத்திக் குதி மச்சான். ஆனா ரெண்டு காருக்கும் ஒரே ரிமோட். அதை வச்சுத்தானே என்னைப் பூட்டினே? உனக்குத் திறந்தா எனக்கும் திறக்கும்."

ஒரு நொடி... இரண்டு நொடி...

டக்.

இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. ஆளுயரத்திலிருந்து விழுந்த மச்சான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வெல்டர் வெளியே வந்த கையோடு போலீசைக் கூப்பிட்டான்.

ஜீப் வந்தது. நொண்டியபடி ஏறியவனிடம் வெல்டர் குனிந்து சொன்னான்:

"நல்லாப் பார்த்துக்கோ மச்சான். சைரன், சுழல் விளக்கு, ஜன்னலுக்குக் கம்பி வலை... இன்னைய தேதிக்குச் சட்டப்படி மாடிஃபிகேஷன் செஞ்ச வண்டின்னா இது ஒண்ணுதான்."