முழுக்கைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் நானும் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். சாவியை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாரம் முழுக்க அந்த வீட்டில் அடைந்து கிடப்பவருக்கு ஒரு நாள்தான் விடுமுறை. அதிலும் பாதி எங்களுக்காகக் காத்திருந்தே கழிந்துவிடும்.

வீடு பழையது. பட்டப்பகலிலும் மாடிப்படிக்கு விளக்குப் போட வேண்டும். கீழே ஒரு சமையலறை, ஒரு குளியலறை, யாரும் உட்காராத ஒரு கூடம். மேலே பாட்டி. படியேறும்போதே பினாயிலும் முகப்பவுடரும் மூத்திரமும் கலந்த வாடை மூக்கில் ஏறும். அதோடு காற்று மெத்தையின் மோட்டார் சத்தம். முதுகில் புண் வராமலிருக்க வாங்கிப்போட்ட மெத்தை அது. புஸ்ஸென்று இழுக்கும், சற்று நிற்கும், மறுபடி இழுக்கும். பாட்டி மூச்சு விடுகிறாளா, மெத்தை மூச்சு விடுகிறதா என்று சில சமயம் சந்தேகமே வந்துவிடும்.

பாட்டியின் வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. கண் போய்விட்டது, காது பாதி போய்விட்டது. நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊரார் வீட்டு லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் தாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணி மாற்றி, முதுகைத் துடைத்து, சாப்பாட்டை மசித்து ஊட்டுவார். நான் மருந்துக்கடையில் வேலை செய்வதால் மாத்திரைகள் என் பொறுப்பு. அப்பாவின் அக்கா, என் அத்தை, தூரத்தில் இருந்தாள். போனில் அழுவது அவளுடைய பொறுப்பு.

அப்பா துடைத்து முடிக்கும்வரை பாட்டி ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பெரியவன் வந்தானா?"

பெரியவன் என்பது என் பெரியப்பா. அவர் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் போனார். பாட்டிக்குச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தது அத்தைதான். "சொன்னா அந்த நிமிஷமே போயிடுவா. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" என்றாள். சரியென்று, வெளியூரில் இருக்கிறார், வருவார் என்று சொல்லிப் பார்த்தோம். பாட்டி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பெரியவன் வந்தால்தான் திறப்பேன் என்று பல்லில்லாத வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போது அத்தைக்கு அந்த யோசனை வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனில் என் அம்மாவே பலமுறை ஏமாந்திருக்கிறாள்.

"உனக்கென்னடா, ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். பெத்தவளுக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

அப்பா செய்தார்.

பெரியப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்று கீழே குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பாட்டி கைப்பட்டியைப் பிடித்து விரலால் தடவிப் பார்ப்பாள் என்பதால் அது தேவைப்பட்டது. அப்பா எப்போதும் அரைக்கை ஆசாமி. சட்டையைப் போட்டு, பெரியப்பா பூசும் ஷேவிங் லோஷனைக் கன்னத்தில் தடவிக்கொள்வார். பெரியப்பாவுக்கு முட்டி வலி உண்டு, அதனால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து மாடியேறி, அறை வாசலில் நின்று, "என்ன கிழவி, இன்னும் இருக்கியா?" என்பார். பாட்டியின் முகம் மலர்ந்துவிடும். தானாக, சின்னவனாகப் போகும்போது அப்பா ஒருமுறைகூட அந்தச் சிரிப்பை வாங்கியதில்லை.

சிரித்து முடித்ததும் குறை சொல்ல ஆரம்பிப்பாள். யாரைப் பற்றி? சற்று முன்புதான் தன் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போன சின்னவனைப் பற்றி.

"அவன் கை முரடுடா. மூட்டையப் புரட்டற மாதிரி என்னைப் புரட்டறான்."

"நான் கண்டிச்சு வைக்கிறேம்மா."

"சோத்தக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து வாயில வைக்கிறான். நான் எப்போ போவேன்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

"அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தானேம்மா. விடு."

அண்ணன் குரலில் தன்னையே திட்டி முடித்துவிட்டு, சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அப்பா எச்சில் தட்டைக் கழுவுவார். உயிரோடு இருந்தவரை பெரியப்பா எப்போதாவது வருவார். ஒரு இனிப்புப் பொட்டலம், ஒரு பெரிய சிரிப்பு, அவ்வளவுதான்; அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். பெற்றவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் இல்லை.

செத்த பிறகுதான் தவறாமல் வர ஆரம்பித்தார்.

எனக்கு அது முதலில் தெரியவந்தது ஒரு வெயில் மதியத்தில். கூடத்தில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தேன். மேலே செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. "என்ன கிழவி," என்றது குரல். பாட்டி கலகலவென்று சிரித்தாள். அப்பா இன்றைக்குச் சீக்கிரமே வேஷம் கட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

அப்பா அங்கே சாப்பாட்டை மசித்துக்கொண்டிருந்தார்.

அரைக்கைச் சட்டையில்.

கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. அவருக்கும் கேட்டிருந்தது. மேலே பேச்சு தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் ஓடியது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. இரண்டு குரல்கள் என்பது மட்டும் புரிந்தது. பிறகு எல்லாம் அடங்கி, மோட்டாரின் புஸ் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்," என்றார் அப்பா, மிக மெதுவாக.

நாங்கள் ஏறிப் பார்த்தபோது பாட்டி தனியாகத்தான் படுத்திருந்தாள். சுவரோரம் கிடக்க வேண்டிய நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. அப்பா கீழே போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டுவிட்டார். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. துணியில் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

அன்று அப்பா அதைப் போடவில்லை. பாட்டியும் பெரியவனைக் கேட்கவில்லை. ஊட்டியதை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. கிளம்பும்போது சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு, சாவியைக் கொடுக்கும்போது நர்ஸம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"வேலை நாள்லகூட வந்துடறீங்களே சார். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படிப் பாத்துக்கும்?"

"நான் எப்போ வந்தேன்?"

"வியாழக்கிழமை வந்தீங்களே! துணியை உலர்த்திட்டு மேல போறேன், நீங்க கதவுக்கு முதுகக் காட்டி உக்காந்து அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு இறங்கிட்டேன். உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

எங்களிடம் இன்னொரு சாவி கிடையாது. வியாழக்கிழமை முழுக்க அப்பா ஊரின் மறுகோடியில் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார்.

நர்ஸம்மா தெருவில் இறங்கிப் போனதும் அப்பா அத்தைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இதோட போதும்கா. அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடப்போறேன்."

"இவ்வளவு நாள் ஓட்டிட்டே. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓட்டக்கூடாதா?"

"அது இல்லக்கா. நான் போகாத நாள்லயும் யாரோ வராங்க."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "யார் வந்தா என்ன? அம்மா சாப்பிடறாளா இல்லையா?" என்று கேட்டாள்.

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் சின்னப் பையன் முகம்போல இருந்தது. "அண்ணன் இல்லேன்னு தெரிஞ்சா என்னைத்தானேடி கூப்பிடணும்? ஒரே ஒரு தடவை வாடா சின்னவனேன்னு ஆசையாக் கூப்பிட்டாப் போதும் எனக்கு," என்றார். தலை நரைத்த மனிதருக்கு அப்படி ஓர் ஏக்கம். எனக்கு அழுகை வந்தது. பாட்டி மேல் கோபமும் வந்தது.

மாடிக்குப் போனோம். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பினாயில் வாடையை அமுக்கிக்கொண்டு ஷேவிங் லோஷன் மணந்தது. பாட்டியின் வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ பிடித்துத் தடவிக்கொண்டிருந்தன.

ஒரு கைப்பட்டியைத் தடவுவதுபோல.

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். நான் கதவை ஒட்டி நின்றேன்.

"அம்மா, நான் சின்னவன்."

பாட்டி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணன் போயிட்டாரும்மா. போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இத்தனை நாளா அவர் மாதிரி வந்து பேசினது நான்தான். உனக்குத் தாங்காதுன்னு சொல்லாம விட்டுட்டோம். என்னை மன்னிச்சுடும்மா."

மோட்டார் புஸ்ஸென்று இழுத்தது. நின்றது.

மறுபடி இழுக்கவில்லை.

"இப்படித்தான் சொல்லுவேன்னான்," என்றாள் பாட்டி.

"யாரும்மா?"

"பெரியவன்தான். சின்னவன் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, அண்ணன் செத்துட்டான்னு அழுவான், நீ பயப்படாதேன்னு சொல்லிட்டுப் போனான்." அவ்வளவு இதமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "லிஃப்டுக் குழியில விழுந்துட்டியாமேப்பா. தான் போனது பாவம் அவனுக்கே இன்னும் தெரியல, அதான் வந்து வந்து போறான்னு சொன்னான்."

"அம்மா! நான் உயிரோட இருக்கேன். என் கையத் தொட்டுப் பாரு. இதோ பாரு, என் கை."

"போப்பா." கையை மெல்ல உருவிக்கொண்டாள். "நல்லபடியாப் போய்ச் சேரு. இனிமே இங்க வராதே."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தார். நானும் அவருக்குப் பின்னால் வந்தேன். அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

நான் அதைத் தொடவில்லை. அப்பாவும் தொடவில்லை.

உள்ளே நாற்காலி இழுபட்டது.

"போயிட்டானாடா?" என்று பாட்டி கேட்டாள்.

"போயிட்டாம்மா."

அப்பாவின் குரல். அப்பா என் பக்கத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"நல்லவம்மா அவன்," என்றது உள்ளிருந்த குரல். "நான் ஒரு நாளும் செய்யாததையெல்லாம் உனக்கு அவன்தான் செஞ்சான்."

பாட்டி அழ ஆரம்பித்தாள். அந்த வற்றிப்போன உடம்பில் அவ்வளவு அழுகை எங்கே இருந்ததோ தெரியவில்லை. "என் சின்னவனே! என் தங்கமே! இருந்தப்போ உன்னை ஒரு வார்த்தை நல்லபடியாக் கூப்பிடலையே!" என்று மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

எனக்குப் பயம் போய்க் கோபம்தான் மிஞ்சியது. உள்ளே புகுந்து, இதோ நிற்கிறான் உன் பிள்ளை, உயிரோடு நிற்கிறான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கதவில் கை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு," என்று கிசுகிசுத்தார். "எனக்காக அழறா."

"அப்பா, உள்ள இருக்கிறது யாருன்னு..."

"தெரியும்டி. கொஞ்சம் அழட்டும். கேட்டுக்கறேன்."

அப்பா தரையில் உட்கார்ந்து கதவோடு காதை வைத்துக்கொண்டார். உள்ளே பெரியப்பா அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்.