கைக்கு எட்டாத சொம்பு

பயிற்சி வகுப்பு என்றால் நர்சுகளுக்கு ஒரு கொண்டாட்டம்தான். அன்று ஒருநாளாவது உட்கார்ந்திருக்கலாம், சோற்றைச் சூடாகச் சாப்பிடலாம். லூர்துமேரிக்கு அந்தக் கொண்டாட்டம் இல்லை. வகுப்பு பழைய ஆண்கள் வார்டில் என்று சொன்னதுமே லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் அவள் வேலை பார்ப்பதே அந்த ஆஸ்பத்திரியில். என்ன பொய் சொல்லித் தப்பிப்பது?

பொம்மிடியில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. போன மாதம் வார்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய வார்டுக்கு வெள்ளையடித்து ஹால் என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டில்கள் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். அதன் கீழே சொம்பு வைக்கத் தோதான அந்த அகலமான சிமெண்ட் விளிம்பும் அப்படியே இருந்தது.

"அக்கா, இங்க வாங்க. காத்து நல்லா வருது" என்று அரூரிலிருந்து வந்திருந்த கலைமதி ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டாள்.

வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தாள். எல்லார் முன்னாலும் ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில்.

சேலத்திலிருந்து வந்த டாக்டர் மாதவராஜ் நன்றாகப் பாடம் நடத்தினார். "சோர்ந்து போன இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம தடுமாறும். தண்ணி உடம்புலயே தேங்கிடும். மொதல்ல கால்ல, அப்புறம் வயித்துல, கடைசியில நெஞ்சுல. எல்லாரும் அவங்கவங்க கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வெச்சு அழுத்துங்க பாப்போம். தண்ணி கோத்திருந்தா குழி விழும். விரலை எடுத்தாலும் குழி அப்படியே நிக்கும்."

ஹாலே சிரிப்பும் கூச்சலுமாகக் குனிந்தது. கலைமதி தன் காலை விட்டுவிட்டு லூர்துமேரியின் காலை அழுத்திப் பார்த்தாள். "அக்காவுது கல்லாட்டம் இருக்குது, சார்!"

லூர்துமேரியும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு கலைமதி எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"தண்ணியக் குறைக்கச் சொல்றோம், சார். பேஷண்ட்டு கெஞ்சறாங்களே, அப்ப என்ன பண்றது?"

"குறைக்கறதுன்னா நிறுத்தறது இல்லீங்க. அளவைப் பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. உதட்டை நனைங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உயிர் பிரியப் போவுதுன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் அளவு எதுக்கு? விழுங்க முடிஞ்சா ஒரு ஸ்பூன் ஊத்துங்க. முடியலைன்னா பஞ்சுல நனைச்சு வாயைத் தொடைங்க. அந்த ஒரு வாய்ல ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

லூர்துமேரியின் பார்வை அந்த ஜன்னல் விளிம்புக்குப் போனது.

மாரியப்பன் படுத்திருந்தது இந்த ஜன்னலோரத்தில்தான். வத்தல்மலை அடிவாரத்து விவசாயி, இதயம் சோர்ந்துபோய் வந்து சேர்ந்தவர். பழைய கம்பளி ஒன்றை விடாமல் போர்த்திக்கொண்டிருப்பார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லியும் மனைவி கோவிந்தம்மாள் இரக்கப்பட்டுத் திருட்டுத்தனமாகக் கொடுத்துவிட, வார்டு டாக்டரிடம் திட்டு வாங்கியது லூர்துமேரி. அதுவும் எல்லார் முன்னிலையிலும். அந்த எரிச்சலில்தான் அன்று ராத்திரி கோவிந்தம்மாளை வராந்தாவில் படுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுச் சொம்பைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் அவர் கைக்கு எட்டாமல் வைத்தாள்.

"சிஸ்டரம்மா, ஒரு வாய்" என்றார்.

"காலையில தரேன். பேசாம சாஞ்சிருங்க."

அவருக்குக் காலை வராது என்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தேதான் இருந்தது. எத்தனை பேரைப் பார்த்தவள்! தெரிந்தும் சொன்னாள். விடியப்போகும் நேரத்தில் திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய வலது கை ஜன்னல் பக்கம் நீண்டபடி விறைத்துக் கிடந்தது. அந்தக் கையை மடக்கி நெஞ்சின்மேல் வைத்த பிறகுதான் கோவிந்தம்மாளை எழுப்பினாள்.

"கடைசியா எதுனா கேட்டாருங்களா?" என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலீங்க. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் இவள்.

தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுக்காத பாவம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது என்பார்கள். அதன்மேல் ஒரு பொய் வேறு.

தொண்டை வறண்டது. பாட்டிலை எடுத்தாள். கனமே இல்லை.

மூடி திறக்கப்படவில்லை. சீல் உடையவில்லை. உள்ளே ஒரு சொட்டு கிடையாது.

"காலி பாட்டிலக் குடுத்திருக்கானுங்க பாருங்க" என்று கலைமதி தன் பாட்டிலை அவள் முன்னால் நகர்த்திவிட்டுப் பாடத்தைக் கவனித்தாள்.

லூர்துமேரி அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் இறங்கியது.

மெதுவாக, உறிஞ்சுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

ஈரக் கம்பளி வாடை மூக்கில் ஏறியது. காதுக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. அடுப்பில் களி கொதிக்கும்போது வருமே, அந்தக் கொழகொழப்பு. நெஞ்சில் நீர் கோத்தவர்களின் மூச்சு. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"சிஸ்டரம்மா."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"காலையிலதான தரேன்னீங்க?"

வெளியே பட்டப்பகல். ஹாலில் யாரோ கொட்டாவி விட்டார்கள். கலைமதியின் பாட்டிலில் அடிமட்டத்துத் தண்ணீரும் தீர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் வத்தல்மலை அடிவாரத்துக்குப் பஸ் ஏறினாள். அந்த நாலைந்து நாளில் அவள் வீட்டில் மூடி வைத்த குடத்தில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. சொல்லிவிட வேண்டும், கோவிந்தம்மாள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

கோவிந்தம்மாள் அடிக்கவில்லை. "நம்ம வூடு தேடி வந்திருக்கீங்களே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே மாரியப்பனின் போட்டோ. அதன் முன்னால் தளும்பத் தளும்ப அதே சொம்பு.

"தெனமும் வெக்கறேங்க. வெச்சது வெச்சபடியே கெடக்குது. உசுரோட இருக்கறப்ப தண்ணி தண்ணின்னு அடிச்சுக்குவாரு. தாகம் தீந்துதான் போயிருக்காருன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

லூர்துமேரி உடைந்துபோனாள். ஜன்னல், சொம்பு, நீண்டு கிடந்த கை, மடக்கி வைத்தது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் பாவிங்க" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கோவிந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொம்பை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"கேட்டது உங்ககிட்ட. நீங்களே குடுங்க."

லூர்துமேரி எழுந்தாள். சொம்பைப் போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "குடிங்க, ஐயா. மன்னிச்சிடுங்க."

சொம்பு கனம் குறைந்துகொண்டே வந்தது. கோவிந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சொம்பின் அடி தெரிந்ததும் அந்த அம்மாள் ஓவென்று கத்தி அழுதாள். "இது பத்தாதுங்க. தெனமும் குடுங்க. அவரு தாகம் அடங்கறவரைக்கும் குடுங்க." சொம்பையும் அவளிடமே கொடுத்து அனுப்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் லூர்துமேரிக்கு மனசு பஞ்சாக இருந்தது. பல நாள் கழித்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள்.

இறங்கும்போது செருப்பு வார் காலை இறுக்கியது.

தினமும் சாயங்காலம் சொம்பை நிரப்பித் தன் வீட்டு ஜன்னலில் வைத்தாள். தினமும் அது காலியானது. நாளுக்கு நாள் அவள் உடம்பு கனத்தது. செருப்பு நுழையவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. சேலத்துக்கே போய் டாக்டர் மாதவராஜிடம் காட்டினாள். எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "உங்க இதயம் குதிரையாட்டம் இருக்குது. சிறுநீரகமும் நல்லாத்தான் இருக்குது. இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னுதான் எனக்குப் புரியலீங்க" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. மாரியப்பன் குடிப்பது அவளுக்குள் இறங்குகிறது.

இப்போதெல்லாம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. இன்று சாயங்காலம் சொம்பை நிரப்பவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து காலை நீட்டினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்தாள். நின்றது.

ஈரக் கம்பளி வாடை.

"சிஸ்டரம்மா, ஒரு வாய்."

ஒரே ஒரு சொல் போதும். 'காலையில தரேன்' என்று சொல்லிவிட்டால் இன்றைக்குப் பிழைக்கலாம். வாயைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் நீண்டிருந்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், சொம்பை நிரப்பி, இந்த முறை தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கை எட்டும் இடத்தில் வைத்தாள்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் ஏதோ கொழகொழத்தது.

அவள் காலைப் பார்த்தாள். அவள் அழுத்திய குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி, அவள் விரலைப்போல இரண்டு பங்கு அகலத்தில், மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது.