ஏணியடியில் கிடந்த செருப்பு

ஏணியடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பெயிண்ட் கலக்கும் டேங்க்கைக் கழுவ இறங்குகிறவர்கள் செருப்பை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் சுவரிலிருந்த ஸ்கிரீனில் ‘உள்ளே: 0’ என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

எவனோ வெறுங்காலோடு டீக்குப் போயிருப்பான் என்று சிஃபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் மழை இருட்டிக்கொண்டு வந்த மதியம். தின்னர் வாடை தொண்டையில் ஒட்ட, தகரக் கூரை முழுக்கத் தூறல் சடசடக்க, அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கிருந்தோ இரும்பை யாரோ தட்டுவதுபோல் கேட்டது.

அந்த ஸ்கிரீனுக்குப் புரோகிராம் எழுதியவளே அவள்தான். கார்டு தேய்த்து இறங்குகிறவர்களின் எண்ணிக்கை, ஆப்ஜெக்ட் என்கிற பெட்டிக்குள் வைத்து அவளிடம் வரும். எந்த வகையாக உள்ளே வைத்தார்களோ, அதே வகையாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். நேற்று மாட்டிய புது கார்டு ரீடர் அதை ‘லாங்’ என்கிற பெரிய எண் வகையாக வைத்து அனுப்பியது. அவள் புரோகிராம் பழையபடி ‘இன்ட்’ என்கிற சின்ன எண் வகையாக எடுக்கப் போய் எரர் ஆனது. பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஆடிட்டர்கள் முன்னாலேயே ஸ்கிரீன் சிவந்து மானம் போயிற்று. வகையைத் திருத்தப் பொறுமையில்லை. எரர் வந்தால் சீரோ காட்டு என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். பச்சை வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

டொக். டொக்.

“இன்னா சிஃபா, மூஞ்சி வெளுத்துக்கினு கீது?” சூப்பர்வைசர் விஜயகுமார் டேங்க்குக்குள் கலக்கியைச் சுழற்றும் மோட்டாரின் ஸ்விட்ச் பக்கம் போனார். “டேங்க் கழுவற இந்தப் பச்சையப்பன் எங்க போனான்னே தெர்ல. சீரோதானே காட்டுது? உன் ஸ்கிரீன் வந்தப்புறம் மேல ஏறி எட்டிப் பாக்கற வேலையே இல்லம்மா.”

சொல்லிவிடலாம். ஸ்கிரீனை நம்பாதீங்க சார், அவ்வளவுதான். ஆனால் நேற்றைய கைதட்டல்? காது மடல் எரிந்தது. சீ, முதலில் யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள். மழைச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். அந்த வரியை அழித்தாள். இன்ட்டை லாங் ஆக்கினாள்.

பின்னால் மோட்டார் உறுமியது.

ஸ்கிரீன் அணைந்து எரிந்தது.

உள்ளே: 1.

“ஆஃப் பண்ணுங்க சார்! ஆஃப் பண்ணுங்க!”

மோட்டார் நின்றது. விஜயகுமார் செருப்பைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. இருவரும் ஏணியில் ஏறவில்லை.

டேங்க் மூடியின் விளிம்பிலிருந்து ஏதோ சொட்டியது.

டொக்.

முன்பு தட்டிய அதே நிதானம்.

டொக்.

இப்போது அவள் நின்ற பக்கத்தில், டேங்க் சுவருக்கு உள்ளிருந்து, அவள் முகத்துக்கு நேராக.