வாக்காவின் மூன்றாவது நாய்

கமோத்தேக்கு உடம்பில் முடியே கிடையாது. உச்சந்தலையில் மட்டும் நாலைந்து மயிர் நட்டுக்கொண்டு நிற்கும். மற்றபடி மூக்கிலிருந்து வால்வரை வழவழவென்று தோல்தான். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறம். அந்த ஊரில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குக் கமோத்தே என்று பெயர். அதையே நாய்க்கும் வைத்துவிட்டாள் நெலிதா.

முடியில்லாத நாய்களைத் தொட்டால் கணகணவென்று சுடும். அதனால் அந்தக் கடலோரத்தில் யாருக்காவது மூட்டு வலித்தால் மருந்தைத் தேடுவதற்கு முன் நாயைத் தேடுவார்கள். நெலிதாவின் அம்மா மீன் துறையில் நாள் முழுக்க ஐஸுக்குள் கைவிட்டு மீன் பிரிப்பவள். சாயங்காலம் விரல்கள் வீங்கி, கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. கமோத்தே தானாக வந்து அந்தக் கைகளின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அம்மா தூங்கிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாக்காவைப் பார்க்கக் கிளம்பினார்கள். வாக்கா வேறெங்கோ இல்லை. கரும்புக் காட்டைத் தாண்டினால் நிற்கிற பெரிய மண்கோயில்தான்; அந்தப் பக்கத்தில் பழங்காலத்து மண்கோயில் எதையும் வாக்கா என்றுதான் சொல்வார்கள். நடந்தே போனார்கள். கமோத்தேயும் பின்னாலேயே வந்துவிட்டது. பனிக்காலம் என்பதால் அதற்கு நெலிதாவின் பழைய பள்ளி ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"ஏய் நெலிதா, உங்க நாய் எந்த கிளாஸ் படிக்குது?" என்றான் தேவிஸ். "கணக்குல பாஸ் பண்ணிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "அதோட ஸ்வெட்டர் இவளோடதைவிட நல்லா இருக்குடீ" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

நெலிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்து ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். கமோத்தே நடுங்கிக்கொண்டே அவளைப் பார்த்தது. அவள் பார்க்காதது போல நடந்தாள்.

வாக்காவின் சுவரில் வரிசை வரிசையாக முகங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு முகமும் கோபமாகப் பல்லைக் காட்டியது.

"மிஸ், இன்கா ராஜா இதுல எங்க உக்காருவாரு?" என்று கேட்டான் தேவிஸ்.

ரோக்சானா மிஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "டேய், இத கட்டினப்போ இன்கா ராஜாவோட தாத்தாவுக்குத் தாத்தாகூடப் பொறக்கலடா. இது அவங்களுக்கு ரொம்ப முன்னாடி இங்க இருந்தவங்க கட்டினது. எத்தனை தடவைதான் சொல்றது?"

பிறகு மண் செங்கல்களைக் காட்டினார். சிலவற்றில் ஒரு கால்தடம், சிலவற்றில் இரண்டு புள்ளி, சிலவற்றில் ஒரு வளைவு. "ஒவ்வொரு ஊர்க்காரங்களும் தாங்க செஞ்ச கல்லுல ஒரு அடையாளம் போட்டிருக்காங்க. யார் கல்லு எதுன்னு குழப்பம் வராது பாருங்க."

திரும்பும் நேரத்தில் கமோத்தேயைக் காணவில்லை.

காவலர் கொட்டகையின் பின்னால் வேலி போட்ட முற்றத்தில் அது நின்றது. பக்கத்தில் அதே நிறத்தில், அதே உயரத்தில், இன்னும் இரண்டு நாய்கள். அந்தக் கடலோரத்தில் எந்த வாக்காவிலும் முடியில்லாத நாய்களை வளர்ப்பார்கள். காவலர் கசிமிரோ கமோத்தேயின் முகத்தைக் கையில் ஏந்தி, பொரித்த மீனை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாடா லூக்குமா, வந்துட்டியா" என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாமா, அது எங்க நாய்" என்றாள் நெலிதா.

"எது, இதுவா? இது வாக்கா நாய் பாப்பா. எங்ககிட்ட மூணு நாய். போன மாசம் லூக்குமா மட்டும் காணாமப் போச்சு. கரும்புக் காடு முழுக்கக் கத்திக் கத்தித் தேடினேன். தொண்டையே போயிடுச்சு. இன்னைக்குத் தானா வந்து நிக்குது."

"இல்ல மாமா, அது கமோத்தே. நான் கூப்பிட்டா வரும்."

"கூப்பிடு, பாப்போம்."

"கமோத்தே, வா" என்றாள். மூன்று நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தன.

"பாத்தியா? வர்ற பசங்கல்லாம் பிஸ்கட் போட்டுப் பழக்கிட்டாங்க. யாரு கூப்பிட்டாலும் வரும்."

நெலிதா பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினாள். கசிமிரோ அதை வாங்கி, பக்கத்திலிருந்த நாய்க்குப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அந்த நாய்க்கு ஸ்வெட்டரைத் திருப்பித் தரவே மனசில்லை. ஓடி ஓடிப் போக்குக் காட்டிய பிறகுதான் கழற்ற விட்டது. தேவிஸ்கூடச் சிரிக்கவில்லை.

"மிஸ், நீங்க சொல்லுங்க மிஸ்."

ரோக்சானா மிஸ் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது நெலிதா. நான் என்னன்னு சொல்றது?"

கமோத்தேயோ கசிமிரோவின் கையில் ஒட்டியிருந்த மீனை நக்கிக்கொண்டிருந்தது. துரோகி. கல்லுக்குக்கூட அடையாளம் இருந்தது. கமோத்தேயிடம் இருந்த ஒரே அடையாளத்தை நாலு பேர் சிரித்தார்கள் என்று அவளே கழற்றிவிட்டாள். நாயில்லாமல் வீடு திரும்பும்போது அதை நினைத்து வழியெல்லாம் அழுதாள்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று இரவு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போயிற்று. மறுபடி சூடாக்கினாள். அதுவும் ஆறிப்போயிற்று.

"நீ தூங்கு" என்றாள் அம்மா. இரண்டு பேருமே தூங்கவில்லை.

காலையில் அம்மாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நெலிதாதான் போட்டுவிட்டாள்.

"இன்னைக்குக் கை மடங்கலைன்னா துறையில வேற ஆளப் போட்டுருவாங்க" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

நெலிதா தனியாக வாக்காவுக்குப் போனாள். அவளிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நேற்றே சொல்லித் தோற்றாகிவிட்டது. இருந்தாலும் போனாள். பனி மூடியிருந்ததில் சுவரிலிருந்த முகங்கள்கூடத் தெரியவில்லை.

"மறுபடியும் வந்துட்டியா?" என்றார் கசிமிரோ. "அழாத பாப்பா. நீ அழுதா எனக்கும் கஷ்டமா இருக்குல்ல. அதுக்காக என் நாயத் தூக்கிக் குடுக்க முடியுமா?"

நெலிதா வேலியோரம் உட்கார்ந்து அழுதாள். நாய்கள் மூன்றும் ஆளுக்கொரு மூலையில் கட்டிக்கிடந்தன. அழுது அழுது அலுத்துப்போய் அவள் நிமிர்ந்தபோது, கசிமிரோ பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். சுவரைப் பிடித்து, "அப்பாடி" என்று முனகி, மெதுவாக எழுந்தார். அம்மா எழுந்திருப்பதும் இப்படித்தான்.

"மாமா, உங்களுக்கு முட்டி வலியா?"

"இந்தப் பனியில யாருக்குத்தான் வலிக்கல?"

"எந்த முட்டின்னு சொல்லிடாதீங்க" என்றாள் நெலிதா அவசரமாக. "கீழ உக்காந்து ரெண்டு காலையும் நீட்டுங்க. மூணு நாயையும் அவுத்து விடுங்க. கூப்பிட வேணாம். மீனும் குடுக்க வேணாம். நானும் வாயத் திறக்க மாட்டேன்."

"இதென்ன விளையாட்டு?"

"ஒரே ஒரு தடவை மாமா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாய்களை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு நாய் சாப்பாட்டுத் தூக்கை மோந்தது. இன்னொன்று வேலிக்கடியில் மண்ணைப் பறித்தது. கமோத்தே அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, நேராகச் சாப்பாட்டுத் தூக்கை நோக்கிப் போனது.

எல்லாம் போச்சு என்று நெலிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கமோத்தே திரும்பி வந்திருந்தது. அவருடைய வலது காலை மோந்துவிட்டுத் தாண்டியது. இடது காலை மோந்தது. மறுபடி மோந்தது. பிறகு இடது முட்டியின் மேல் வயிற்றை வைத்துப் படுத்து, பெருமூச்சு விட்டது.

கசிமிரோ முட்டியின் மேல் கிடந்த நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"இடதுதான்" என்றார் கடைசியில். "லூக்குமா ஒரு நாள்கூட என் மேல படுத்ததில்ல. அதுக்கு இதெல்லாம் தெரியாது." கரும்புக் காட்டுப் பக்கம் பார்த்தார். "அப்போ அது இன்னும் வரல."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போ பாப்பா. உன் நாய்தான்."

நேற்றிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஏங்கினாள். ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் மாமா. அம்மா வர இன்னும் நேரமிருக்கு."

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பனி விலகி, சுவரிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் கிளம்பும்போது கசிமிரோ வாசலில் நின்று கரும்புக் காட்டைப் பார்த்து ஒரு முறை விசிலடித்தார். எதுவும் வரவில்லை.

கமோத்தேக்கு ஸ்வெட்டரைப் போட்டுத்தான் கூட்டிப்போனாள். தெருமுனையில் தேவிஸ் நின்றிருந்தான்.

"கணக்குல பாஸ் பண்ணிருச்சு" என்றாள் நெலிதா, அவன் கேட்பதற்கு முன்னாலேயே.

சாயங்காலம் அம்மா வந்தாள். கதவைத் திறந்ததும் கமோத்தேயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். துறையில் என்ன சொன்னார்கள் என்று நெலிதா பயந்துகொண்டே கேட்டாள்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. அதுக்குள்ள கை சரியாகணும்" என்றாள் அம்மா. படுத்துக் கைகளை நீட்டினாள். கமோத்தே ஏறிப் படுத்தது.

"அம்மா, நாளைக்கு இத வாக்காவுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம்."

"மறுபடியும் அங்கயா? எதுக்குடீ?"

"அங்க ஒரு முட்டி வலிக்குதும்மா."

அதற்குள் அம்மா தூங்கிப்போயிருந்தாள்.