நத்தை மகசின்

இரும்பு இளஞ்சூடாக இருந்தது.

அஞ்சலீனா கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரக் கிழவன் செத்து, இலை உதிரத் தொடங்கிய நாளிலிருந்து ஆளில்லாத வீடு அது. தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு மட்டும் ஹீற்றரை விட்டுவைத்திருந்தார்கள். நிலக்கீழ் அறையில் அவள் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது, தட்டுகளில் கிடந்த சுத்தியல், குறடு, பழைய பனிச்சப்பாத்து எல்லாமே தொட்டால் விரல் ஒட்டுகிற குளிரில் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் தோலுறைக்குள் இருந்த இந்த ஒன்று மட்டும், யாரோ இவ்வளவு நேரமும் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் இறக்கி வைத்ததுபோலச் சூடாக இருந்தது. மற்றவையெல்லாம் துருவேறியிருக்க, இதில் புது எண்ணெய் மணத்தது.

தோலுறையோடு அதை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். நத்தையைப் போன்ற உருவம். தட்டையான வட்ட வயிறு, அதிலிருந்து சரிந்து நீளும் கழுத்து, வயிற்றின்மேல் மணிக்கூட்டுக்கு முறுக்குக் கொடுப்பது போன்ற ஒரு சாவி. கழுத்தின் வாயில் ஒரு தோட்டாவின் தலை, பச்சைக் களிம்பு பிடித்துத் தெரிந்தது.

அவள் பேரின்பநாதனுக்கு ஃபோன் எடுத்தாள். செத்தவர்களின் வீடுகளைப் பிள்ளைகளுக்காகத் துப்புரவாக்கிக் கொடுப்பது அவனுடைய தொழில். மட்டக்களப்பிலிருந்து வந்து அகதி வழக்கு முடியாமல் இருந்த அஞ்சலீனாவுக்கு வேலை கொடுத்தவன் அவன் ஒருவன்தான். காலையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற இந்த ஏரிக்கரை ஊரில், இந்த வீட்டு வாசலில் அவளை இறக்கியவன், முதல் சுமைக் குப்பையைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

“அண்ணை, இஞ்ச கீழ ஒரு சாமான் கிடக்கு. நத்தை மாதிரி. உள்ளுக்குத் தோட்டா இருக்கு.”

“பிஸ்டல் இருக்கோ?”

“இல்ல. இது மட்டும்தான்.”

வானின் இரைச்சல் குறைந்தது. ஓரமாக நிறுத்தியிருப்பான்.

“அது டிரம் மகசின், தோட்டா அடுக்கிற கூடு. முதலாம் உலகப்போரில ஜெர்மன்காரர் பிஸ்டலில கொழுவினது. கிழவன்ர தகப்பன் அந்தச் சண்டைக்குப் போனவனாம், அங்கயிருந்து கொண்டுவந்திருப்பான். மேல குசினியில எடுத்து வை. நான் வாறன். ஒருத்தருக்கும் மூச்சு விடாத.”

“இதை வச்சிருக்கிறது இஞ்ச குற்றமெல்லோ? பொலிசுக்குச் சொன்னா…”

“சொல்லு. உன்ர கேஸ் நடக்கிற நேரத்தில, தோட்டாவோட நிண்டவள் எண்டு எழுதுவாங்கள். பேந்து பிளேன்ல ஏத்துவாங்கள். எனக்கென்ன.”

ஃபோன் செத்தது.

ஒரு துவாயில் சுற்றி அதை மேலே சமையலறைக்குக் கொண்டுபோனாள். படியேறும்போது துவாய்க்குள் ஏதோ சற்று இடம் மாறி அமர்ந்தது, கையில் பிடித்த கோழி காலை மடக்கிக்கொள்வதுபோல. மேசையில் வைத்துத் துவாயை விலக்கிவிட்டு, அதற்கு முதுகு காட்டாமல் மறுபக்கம் போய் நின்றுகொண்டு, கோப்பைகளைப் பழைய பத்திரிகையில் சுற்றத் தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரியும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. ஜனவரி மாதம், பின்னேரமே இருள் வந்துவிடும். கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் சத்தம். பத்திரிகை கசங்கும் சத்தம். எங்கோ மரம் குளிரில் வெடிக்கும் சத்தம். ஒவ்வொன்றையும் இன்னது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கிளிக்.

இதற்கு அவளிடம் பெயர் இல்லை.

மேசையைப் பார்த்தாள். மகசின் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வாயிலிருந்த தோட்டாவில் களிம்பு இல்லை. பளபளத்தது. வேறொன்று மேலே வந்திருந்தது.

முதலாவது எங்கே? மேசையில் இல்லை. நிலத்தில் இல்லை. குனிந்து தேடியபோதுதான் கழுத்தில் ஒரு நூல் அளவு குளிர் பட்டது. வெளியே திறக்கும் குசினிக் கதவிலிருந்து வந்தது. கதவின் நடுவில் ஒரு துளை. விரல் நுழையும் அளவு, சுத்தமான வட்டம். மரத்தூள் இல்லை, கருகல் இல்லை. வெடிச்சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிறுவயதில் எத்தனையோ இரவு கட்டிலுக்குக் கீழே படுத்துக் கேட்டவள். இங்கே எதுவும் வெடிக்கவில்லை.

முன்னரே இருந்திருக்கும், என்று நினைத்தாள். பார்க்காமல் விட்டிருப்பேன். சுற்றிக்கொண்டிருந்த கோப்பையை மறுபடி எடுத்தாள்.

கிளிக்.

கைகளுக்கு நடுவே கோப்பை நடுங்கவில்லை. உடையவும் இல்லை. பத்திரிகையிலும் கோப்பையிலும் ஒரே நேர்கோட்டில் வட்டமான துளை. அதன் வழியே அவளுடைய சப்பாத்துத் தெரிந்தது.

கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசற்படியில் குளிர் முகத்தில் அறைந்தது. கோட்டை எடுக்கவில்லை. உள்ளே போய் எடுக்கவும் முடியாது. பக்கத்து வீடுகளில் விளக்கு இல்லை. பற்கள் அடித்துக்கொள்ள, சுவரோடு ஒட்டி நின்றாள். வானின் வெளிச்சம் தெருமுனையில் திரும்பியபோது அழுகை வந்தது.

பேரின்பநாதன் இறங்கி வந்தான்.

“உள்ளுக்குப் போகாதேங்க அண்ணை. அது தானா வெடிக்குது.”

“துவக்கில்லாமல் என்னெண்டு வெடிக்கும்?”

“தெரியா. சத்தம் வராது. ஓட்டை மட்டும் விழுது.”

அவன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

“விளங்குது. எடுத்து ஒளிச்சுவச்சிட்டு எனக்குக் கதை விடுறாய். வேற ஆருக்கு ஃபோன் பண்ணினனி?”

“மாதா சத்தியமா, அண்ணை…”

கையைப் பிடித்தாள். உதறினான். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். குசினி விளக்கைப் போட்டான். வாசலில் தனியே நிற்கவும் பயமாக இருந்தது. பின்னால் போனாள், கதவைச் சாத்தினாள், சுவரோரமாக நின்றாள்.

மகசின் அவன் கையில் இருந்தது. அவன் முகம் மாறிவிட்டது. ஆசையாகத் தடவினான்.

“கையில பிடிக்கச் சுடுது. ஹீற்றருக்குப் பக்கத்தில வச்சனியோ?”

அவள் தலையாட்டினாள். இல்லை.

“வையுங்க. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவன் சாவியைப் பிடித்து முறுக்கினான். கிர்ர். கிர்ர். கிர்ர். உள்ளே ஒவ்வொரு பல்லாக ஏறியது.

“பார், ஸ்பிரிங் இன்னும் சாகேல்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும்.”

சாவியிலிருந்து கையை எடுத்தான்.

கிளிக்.

அவன் அசையவில்லை. முகம் சுளிக்கவில்லை. கதைத்துக்கொண்டே இருந்தான். டவுன்டவுனில் இப்படியான சாமான் சேர்க்கிற வெள்ளைக்காரன் ஒருவனைத் தெரியும் என்றான். அவள் வாய் திறந்தால் நாளைக்கே வேலை இல்லை என்றான். பிறகு கோட்டின் முன்பக்கத்தைச் சொறிந்தான்.

“கதவைச் சாத்து பிள்ளை. குளிர் வருது.”

கதவு சாத்தித்தான் இருந்தது.

அவனுடைய கோட்டில், பொக்கற்றுக்குக் கீழே, சுத்தமான ஒரு வட்டம். இரத்தம் இல்லை. அதன் வழியே அவனுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது, மெதுவாக.

“என்ன பாக்கிறாய்? சாத்தெண்டு சொன்னனான்.”

கிளிக்.

கிளிக்.

அவன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான். இப்போது ஜன்னல் கூடுதலாகத் தெரிந்தது.