விசில் அக்காவின் கடைசி ஸ்டாப்

"அவளைக் கொன்னுதான் ஆகணுமா?"

அம்மா போனில் கேட்டதும், பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த வாலு அப்படியே நின்றுவிட்டாள்.

பயப்பட வேண்டாம். வாலுவின் அம்மா டிவி தொடருக்குக் கதை எழுதுபவள். அந்தத் தொடரின் நாயகி, பஸ் கண்டக்டராக வரும் விசில் அக்கா. அக்காவாக நடிப்பவருக்குச் சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. நாளையோடு அவர் விலகுகிறார்.

அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள்.

"பஸ்ஸைப் பள்ளத்துல கவிழ்த்துடுங்கன்னு சொல்றார் தயாரிப்பாளர். ஜனங்க அழுதா நிறைய பேர் பார்ப்பாங்களாம்."

"வேற ஆளை நடிக்க வைக்கலாமேம்மா?"

"'இவருக்குப் பதில் இவர்'னு போட்டுடலாம்னு டைரக்டரும்தான் சொல்றார். நேத்து ஒரு முகம், இன்னிக்கு ஒரு முகம்! யாருடி ஒத்துக்குவா? சாயங்காலத்துக்குள்ள நான் எழுதியாகணும். நீ வெளியில மூச்சு விடாதே!"

வாலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி பொடியனின் நினைப்புதான். டிவியில் விசில் அக்கா "பிடிச்சுக்கோங்க!" என்று சொன்னால் போதும், பொடியன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அந்த பஸ்ஸே கவிழ்ந்தால் என்ன ஆவான்?

உட்கார்ந்தாள், எழுந்தாள். கடைசியில் கீழே ஓடினாள்.

கீழே படிக்கட்டுதான் பஸ். படிக்கு இரண்டு பயணிகள். தையல்காரர் மகள் கழுத்தில் விசில் தொங்கியது. பொடியன் ஓர் இலையை நீட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான்.

திடீரென்று மாடிவீட்டு அண்ணன் விசிலைப் பறித்தான். "இனிமே நான்தான் கண்டக்டர்! பிடிச்சுக்கோங்க!"

ஒருவரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள்.

"ஏன்டா இறங்குறீங்க?"

"நீ கண்டக்டர் இல்ல, விசில் திருடன்!" என்றான் பொடியன். "என் இலையைத் திருப்பிக் கொடு!"

அண்ணன் அசடு வழிந்தபடி விசிலைக் கொடுத்துவிட்டான். பஸ் மறுபடி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தையல்கடையிலிருந்து குரல் வந்தது. "ஏய், பட்டன் தைக்க வாடி!"

தையல்காரர் மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். புதிதாகக் குடிவந்த பேசாமடந்தை ஒருத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள்.

"இனிமே நீ பார்த்துக்கோ. கடைசி சீட்டுல ஒரு பெரியவர் தூங்குவார், அவர் ஸ்டாப் வந்ததும் எழுப்பிவிடு. இந்தப் பொடியனுக்கு மட்டும் மீதிச் சில்லறையா ஒரு குச்சி கொடு. இல்லேன்னா இறங்கமாட்டான்."

பேசாமடந்தை எழுந்தாள். விசில் மெல்ல, "ஃபீ..." என்றது.

"பி... பிடிச்சுக்கோங்க."

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பொடியன்கூட!

வாலு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். "ஏய், ஓடுற பஸ்ல ஓடாதே!" என்று பொடியன் கத்தியது அவள் காதில் விழவில்லை.

"அம்மா! யாரையும் கொல்லவேண்டாம். முகத்தையும் மாத்தவேண்டாம். விசில் அக்கா வேற ஊருக்கு மாத்தலாகிப் போகட்டும். புது கண்டக்டர் வரட்டும். ஆனா அக்காவே தன் கையால விசிலை மாட்டிவிடணும். யார் எங்கே இறங்குவாங்க, யாருக்கு முட்டி வலி, எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போகணும்!"

அம்மாவின் நடை நின்றது. "புதுசா வர்றவளை ஜனங்க ஒத்துக்கலேன்னா?"

"பறிச்சாத்தான் ஒத்துக்கமாட்டோம்மா. கொடுத்தா ஒத்துக்குவோம்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று வீட்டில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். வாலு டிவியைப் பார்க்கவே இல்லை, பொடியனையே பார்த்தாள்.

டிவியில் விசில் அக்கா புதுப்பெண்ணின் கழுத்தில் விசிலை மாட்டினாள். கையசைத்துவிட்டு இறங்கினாள். பொடியனின் உதடு பிதுங்கியது.

புதுப்பெண் விசிலை ஊதினாள். "பிடிச்சுக்கோங்க!"

பொடியன் அசையவில்லை. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெல்ல நாற்காலியின் கையைப் பிடித்தான். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து அதட்டினான்.

"வாசல்ல நிக்கிறவங்க, நீங்களும் பிடிச்சுக்கோங்க! பஸ் கிளம்பிடுச்சு!"

அம்மா சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.